சரியான அளவு

கொள்ளுப்பிட்டியில், பதினோராம் மாடியில்,
கடலைப் பார்த்தபடி எழுதப்படுகிற கடிதம்
கிராண்ட்பாஸ் தேயிலைக் களஞ்சியத்துக்கு வந்து சேர
ஒரு வினாடிகூட ஆவதில்லை.
அதன் பிறகுதான் தாமதம்.
அந்தத் தாமதம் நான்.

சம்பளப் பட்டியலில் நான் கணக்கு உதவியாளர்.
மொழிபெயர்ப்புக்கென்று தனியாக ஒன்றுமில்லை.
நேர்முகத் தேர்வில் விதானகே சேர் கேட்டார்:
"டமில் டைப்பிங் தெரியும்தானே?"
தெரியும் என்றேன்.

மேலிருந்து வருகிற சொற்களுக்குக் கூர் இருக்காது,
யாரோ ஏற்கெனவே தேய்த்து அனுப்பியிருப்பார்கள்.
கீழிருந்து போகிறவற்றை நான் தேய்க்கிறேன்.
"கக்கூஸில தண்ணி இல்லாம நாலு நாள்,
நாங்களும் மனுசர்தானே" என்று தவசீலி சொன்னது
நீர் விநியோகம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு
என்று ஆங்கிலத்தில் மாடியேறியது.
ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது.
என் ஆங்கிலத்தால் வந்தது என்று நினைத்தேன்.
தெருவில் குழாய் வெடித்திருந்ததாம்.

விதானகே சேர் கெட்டவரில்லை.
தைப்பொங்கலுக்கு வந்தார், வணக்கம் என்று திருத்தமாகச் சொன்னார்.
அடுத்த சொல் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பவுஸ்தீனா அக்காவும் என்னைத்தான் பார்த்தா.
இருவருக்கும் முதுகு காட்ட முடியாமல்
நடுவில் ஒரு பக்கமாக நின்றேன்.

"என் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்"
என்று அன்று வாசித்ததும் என் தமிழ்தான்.
அந்தக் கதவுக்கு அட்டை வேண்டும்.
எங்கள் வாசலில் இருப்பது பெருவிரல் யந்திரம்.
தேயிலைத் தூசு படிந்த விரலை அதற்குத் தெரியாது.
எச்சில் தொட்டு, பாவாடையில் துடைத்து,
மூன்றாம் தரம் வைத்தால்
பச்சை விளக்கு: நீ நீதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது ரைட் சைஸிங்.
இரண்டு பக்கத்தில் ஏழு தரம்.
சிங்களத்துக்குச் சமன்மலி பொறுப்பு; அழைத்துக் கேட்டேன்.
ஆங்கிலச் சொல்லையே சிங்கள எழுத்தில் போட்டுவிட்டாளாம்.
"சரி அளவாக்கல்" என்று அடித்தேன். அழித்தேன்.
"சரியான அளவுக்குக் கொண்டுவருதல்."
எனக்குத் தெரிந்த வேறொரு சொல் இருந்தது.
விரல் அதன் முதலெழுத்தில் கொஞ்சம் நின்றது,
பிறகு தேநீர் குடிக்கப் போனேன்.

தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
பத்தரை ஓய்வில் கூடி நின்று வாசித்தார்கள்.
பவுஸ்தீனா அக்காதான் கேட்டா:
"புது யூனிபோம் தாறாங்களா மிஸ்?
இந்த முறையாச்சும் அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்க.
போன தடவை தந்தது கக்கத்தில பிடிக்குது."
றிஸ்மியா பொதி கட்டும் நாடாவை எடுத்து
அவவின் தோளுக்குத் தோள் பிடித்தாள்.
"பதினாறரை!"
கலவை யந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே சிரிப்பு.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.
இந்தக் கம்பனியில் எல்லோரும்
எல்லோருக்கும் சொல்கிற வசனம்.

கடிதத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது:
ஊழியர் கருத்துகள், கேள்விகள்.
ஆறு வருடத்தில் முதல் தடவையாக
எதையும் தேய்க்காமல் எழுதினேன்:
யூனிபோம் என்ன நிறம்?
கக்கத்தில் கொஞ்சம் தளர்வாகத் தைக்க முடியுமா?
வாசிக்கிறவர் யாராயிருந்தாலும்
நாற்காலியை விட்டு எழும்புவார் என்று நினைத்தேன்.

நாலு ஐம்பதுக்குப் பதில்.
சொல் இல்லை.
ஒரு பெருவிரல், மஞ்சளாய்,
தூசு படாதது.

இதை எப்படித் தமிழாக்குவது?

ஐந்து மணிக்கு வாசலில் வரிசை.
வெளியே போகவும் விரல் வைக்க வேண்டும்.
நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் இரண்டு தரம் கீறிப் பார்த்தேன்,
மை வந்தது.
"சரியான அளவு" என்பதை வெட்டி, அதன் மேலே
ஆ என்று எழுதியபோது
பின்னால் யாரோ பையைக் கீழே வைக்கிற சத்தம்.
பிறகு இன்னொரு பை.